எஞ்சின் எந்த ஊர்?

புதிதாக ஒரு கார் தெருவில் வந்து நின்றால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எஞ்சின் இம்போர்ட்டடா, இங்கேயே செஞ்சதா?” கேட்பவர் பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்பே தீர்ப்பையும் எழுதி வைத்திருப்பார். இறக்குமதி என்றால் உசத்தி. உள்நாடு என்றால், “பரவாயில்லை, ஓடும்.” சென்னைத் துறைமுகத்துக்கு அருகே 1969-ல் பர்மா பஜார் தோன்றிய காலத்திலிருந்தே ‘ஃபாரின் சரக்கு’ என்ற சொல்லுக்கு இந்நகரில் தனி மரியாதை. இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. எல்லாம் உள்நாட்டிலேயே செய்யப்படுகிறது என்ற ஒரு வரியைக் கேட்டவுடன் அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக் கொள்வார்கள். மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இரு கட்சியாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. மனிதனுக்குப் பிறந்த ஊர் ஒன்று இருப்பதுபோல எஞ்சினுக்கும் ஒன்று இருப்பதாக அவர்கள் எண்ணுகிறார்கள். ஒரு எஞ்சினை வரைந்தவர் ஒரு நாட்டிலும், அதன் இரும்பை வார்த்தவர் இன்னொரு நாட்டிலும், போல்ட் முடுக்கியவர் மூன்றாவது நாட்டிலும் இருக்கலாம். இவர்களில் யாருடைய ஊரை எஞ்சினின் ஊர் என்பது? இதை ஆராய்வதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு எண்ணூர் வரை போகும் சாலையே போதும்.

பெட்டியில் வந்த கார்

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் ஆலை எழுந்தது. 1949-ல் அங்கிருந்து ஆஸ்டின் ஏ-40 என்ற கார்கள் வெளிவந்தன. ஆனால் அவை எண்ணூரில் செய்யப்பட்டவை என்று சொல்லமுடியாது. இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்த காரை இங்கே பூட்டினார்கள், அவ்வளவே. எஞ்சின் முழுக்க முழுக்க ஆங்கில எஞ்சின்.

இது அசோக் மோட்டார்ஸுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1928-லிருந்தே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் இதைத்தான் செய்துவந்தது. ஃபோர்டும் அப்படியே. விடுதலைக்குப் பிறகு அரசு ஒரு கேள்வி கேட்டது: பூட்டுவதோடு நிற்கப் போகிறீர்களா, அல்லது படிப்படியாக இங்கேயே செய்யப் போகிறீர்களா? 1953-ல் டாரிஃப் கமிஷன், உற்பத்தித் திட்டம் உள்ளவர்களே இத்தொழிலில் இருக்கலாம் என்ற கருத்தைச் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. எண்ணூர் ஆலை தங்கிற்று. இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரிகளின் பக்கம் திரும்பிய அது, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. காரைச் செய்ய வந்த ஆலை லாரிக்குப் போனதற்கு நாட்டின் தேவையும் ஒரு காரணம். அன்று இந்தியாவுக்குக் கார்களைவிட லாரிகளும் பஸ்களும் அவசரமாக வேண்டியிருந்தன.

படிப்படியாகச் செய்வது என்றால் எந்தப் படி முதலில்? எல்லா நாடுகளிலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். டயர், பேட்டரி, இருக்கை, விசிறிப் பட்டை, ஸ்பிரிங் ஆகியவை முதலில் உள்நாட்டில் கிடைத்துவிடும். பிறகு சட்டகமும் உடற்கூடும். எஞ்சின் கடைசியில்தான் வரும். அந்த எஞ்சினுக்குள்ளும் கடைசியிலும் கடைசியாக வருவது எரிபொருளைப் பீச்சும் பம்பு.

ஏன் எஞ்சின் இவ்வளவு அடம் பிடிக்கிறது?

உருளைக் கட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் இதை சிலிண்டர் பிளாக் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கனமான இரும்புக் கட்டி. உள்ளேயோ நீர் ஓடும் வழிகளும் எண்ணெய் ஓடும் வழிகளும் பின்னிக் கிடக்கும். இந்த வெற்றிடங்களை வார்த்த பிறகு குடைய முடியாது. மணலால் அவற்றின் வடிவத்தைச் செய்து அச்சுக்குள் நிறுத்திவைத்து, அதைச் சுற்றி ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பை ஊற்றவேண்டும். இரும்பு ஆறியதும் மணலை உதிர்த்து எடுத்துவிட வேண்டும். மணல் கரு சிறிது நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி இரும்பில் பொத்தல் விழும். அந்தப் பொத்தல் வெளியே தெரியாமல் இருந்து, லாரி மூன்று மாதம் ஓடிய பிறகு நீர்க்கசிவாக வெளிப்படலாம்.

இந்தக் கலையை எண்ணூரிலேயே நிலைநிறுத்துவதற்காக 1959-ல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் என்ற வார்ப்பட ஆலை ஏற்பட்டது. அசோக் லேலண்டுக்கு வேண்டிய வார்ப்படங்களைத் தருவது அதன் முதல் வேலை. அதற்குச் சற்று முன்னே, 1949-ல், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியிருந்தது. அதே செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் வடிவமைப்பில் டீசல் எஞ்சின்கள் செய்தது. ஒரு வாகன ஆலை தனியாக நிற்க முடியாது. அதைச் சுற்றி வார்ப்பவர், கடைபவர், பிஸ்டன் செய்பவர் என்று ஒரு ஊரே வேண்டும். வடசென்னை அப்படித்தான் வளர்ந்தது. அங்கே ஒரு தலைமுறை தொழிலாளர்கள் கற்றுக்கொண்ட வேலையைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

இப்போது பிஸ்டனுக்கு வருவோம். இங்கே ஒரு சிறு கணக்கு. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அது சிலிக்கான் கலந்த அலுமினியக் கலவையால் ஆனது. ஒரு டிகிரி சூடு ஏறினால் இக்கலவை தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு விரியும். அது ஓடும் உருளையோ வார்ப்பிரும்பு. அது ஒரு லட்சத்தில் 1.1 பங்குதான் விரியும். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் 150 டிகிரியும் உருளைச் சுவர் 100 டிகிரியும் சூடேறுகின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், பிஸ்டன் 0.30 மில்லிமீட்டர் பெருக்கும். உருளையின் துளை 0.11 மில்லிமீட்டர்தான் பெருக்கும். வித்தியாசம் 0.19 மில்லிமீட்டர். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். ஆகவே மூன்று மயிர்த் தடிப்புக்கும் குறைவான ஒரு இடைவெளியில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. இடைவெளியை இதைவிடக் குறைத்தால் சூடேறியதும் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் ‘எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது’ என்பது இதைத்தான். இடைவெளியைக் கூட்டினாலோ, குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் ஆடித் தட்டும். எண்ணெய் மேலேறிப் புகையும்.

சூடு பிஸ்டன் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மேற்பகுதி நெருப்பை நேரே பார்க்கிறது; அடிப்பகுதி அப்படியல்ல. ஆகவே பிஸ்டனை மேலே சற்றுக் குறுக்கி, கீழே சற்று அகலமாகக் கடைகிறார்கள். ஊசி பொருந்தும் இரு பக்கங்களிலும் உலோகம் கூடுதலாக இருப்பதால் அந்தத் திசையில் விரிவும் மாறும். அதைச் சரிக்கட்ட, குளிர்ந்த பிஸ்டனை மிக இலேசான நீள்வட்டமாக ஆக்குகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வட்டம் என்றே சத்தியம் செய்வீர்கள்.

நான் சொல்லவரும் செய்தி இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய வரைபடத்தில் இந்த அளவுகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, இந்தத் திசையில் இவ்வளவு. ஆனால் ஏன் இவ்வளவு என்று வரைபடம் சொல்லாது. அளவை அறிந்தவன் அந்தப் பிஸ்டனை லட்சக்கணக்கில் செய்யலாம். காரணத்தை அறிந்தவனால்தான் அதை மாற்றமுடியும். எரிபொருள் மாறும்போது, புகை விதி மாறும்போது, சுமை கூடும்போது மாற்றம் தேவைப்படும். அன்றைக்குத்தான் எஞ்சின் உண்மையில் யாருடையது என்பது வெளிப்படும்.

சதவீதம் செய்யும் மாயம்

“எங்கள் வண்டியில் 95 சதவீதம் உள்நாட்டுப் பொருள்” என்று விளம்பரம் வந்தால் எதன் சதவீதம் என்று கேளுங்கள். ஒரு கற்பனை எஞ்சின், எடை 400 கிலோ. அதில் 390 கிலோ உள்நாட்டுப் பாகங்கள், 10 கிலோ இறக்குமதி. எடைக் கணக்கில் 97.5 சதவீதம் உள்நாடு. ஆனால் அந்தப் பத்துக் கிலோவுக்குள் எரிபொருள் பம்பும் பீச்சுமுனைகளும் இருந்து, எஞ்சின் விலையில் கால் பங்கை அவையே விழுங்கினால், விலைக் கணக்கில் 75 சதவீதம்தான் உள்நாடு. இன்னொரு கணக்கும் உண்டு. அந்தப் பத்துக் கிலோ வராவிட்டால் எஞ்சின் கிளம்பாது. அந்தக் கணக்கில் சதவீதம் பூஜ்யம்!

டீசல் எஞ்சினின் பீச்சு பம்பு அப்படிப்பட்ட பொருள்தான். அதன் உள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து இணையாகவே செய்வார்கள். ஒரு இணையின் தண்டை மற்றொரு இணையின் கூட்டில் போடக்கூடாது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றி, ஜெர்மனியின் பாஷ் தொழில்நுட்பத்தில் இத்தகைய சாமான்களைச் செய்யத் தொடங்கியது இந்திய டீசல் எஞ்சின்களின் வரலாற்றில் எண்ணூர் ஆலைக்குச் சமமான நிகழ்ச்சி. அதைப் பற்றி யாரும் பெருமையடித்துக் கொள்வதில்லை. லாரியின் முகப்பில் பம்பின் பெயரை எழுதுவதில்லையே!

திருவொற்றியூரின் புல்லட்

இனித் திருவொற்றியூர். இது கார் அல்ல, மோட்டார் சைக்கிள். ஆனால் நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. திருவொற்றியூர் ஆலையில் 350 சி.சி. புல்லட் வண்டிகள் முதலில் பூட்டப்பட்டன. 1957-ல் அதற்குரிய அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்படலாயின. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றது. தாய் ஆலை மறைந்த பின்னும் சேய் ஆலை ஓடியது. 1977-ல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. ஆங்கிலேயர் ஒருவர் அன்று அந்த வண்டியை வாங்கியிருந்தால், தம் நாட்டு எஞ்சினை இறக்குமதி எஞ்சினாக வாங்கியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. எனினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முற்றிலும் உள்நாட்டில் செய்யப்பட்ட அந்த எஞ்சினின் அடிப்படை வடிவம் 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் வரையப்பட்டது. வார்ப்பிரும்பு உருளையும், எஞ்சினிலிருந்து பிரிந்து நிற்கும் கியர்பெட்டியும் கொண்ட அந்த அமைப்பு சிற்சில திருத்தங்களோடு 2009-ஐ ஒட்டிய காலம் வரை விற்பனையில் இருந்தது. புதிய, சிக்கனமாக எரியும் அலுமினிய எஞ்சின் தேவைப்பட்டபோது, 1990-களின் இறுதியில், ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். என்ற எஞ்சின் ஆய்வு நிறுவனத்தை நாடவேண்டியிருந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த எஞ்சினை நூற்றுக்கு நூறு நாமே செய்தோம். அதை மாற்றும் திறமையை மட்டும் சேர்த்து வைக்கவில்லை.

இதற்குத் தொழிலாளியையோ பொறியாளரையோ மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் வண்டி கிடைக்கும் என்ற நிலையில், வாங்குபவர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது, புதிய எஞ்சினுக்காக எந்த முதலாளி பணம் செலவழிப்பார்? இறக்குமதிக்குப் பூட்டுப் போட்ட கொள்கை உள்நாட்டில் செய்யக் கற்றுக்கொடுத்தது. அதே பூட்டு மேற்கொண்டு கற்பதற்கான அவசரத்தையும் போக்கிவிட்டது. பூட்டே வேண்டாம் என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1950-களில் அது இல்லாவிட்டால் எண்ணூரில் வார்ப்படச்சாலையே எழுந்திராது. சாவியைத் திருப்பவேண்டிய காலத்தில் திருப்பவில்லை என்பதே என் குறை.

இதன் உச்சத்தைப் பார்க்க நகரின் தென்கோடிக்கு, வண்டலூர்ப் பக்கம் போகவேண்டும். அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் உடற்கூடு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, அன்றைய இந்தியச் சாலையில் அவ்வளவு அழகான கார் வேறொன்று இல்லை. எஞ்சினோ 1,991 சி.சி. அளவுள்ள, 1940-களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வழிவந்த பழைய எஞ்சின். உள்நாட்டு எஞ்சின்தான், சந்தேகமில்லை. விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் தாகம் பெரிது. 1988-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 796 சி.சி. எஞ்சின், ஜப்பானின் சுசுகி வடிவமைப்பு. தொடக்கத்தில் பெட்டிகளில் வந்து பூட்டப்பட்டது. பிறகு படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. மக்கள் எதை வாங்கினார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அம்பாசிடர் காருக்கே 1990-களில் ஜப்பானின் இசுசு எஞ்சின் தேவைப்பட்டதென்றால் பாருங்கள்.

இன்றைய நிலை

இப்போது ‘இறக்குமதி’ என்ற சொல்லுக்கே பொருள் கலங்கிவிட்டது. ஃபியட் கம்பெனி இத்தாலியில் உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. அதே எஞ்சினை ஃபியட் மகாராஷ்டிரத்தில் செய்தது. சுசுகியின் ஆலை அரியானாவில் செய்தது. மாருதி, டாட்டா, ஃபியட், செவ்ரலே என்று பல பெயர் தாங்கிய கார்களில் அது ஓடியது. மோட்டார் பத்திரிகைக்காரர்கள் அதை ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே கேலியும் பாராட்டுமாக அழைத்தார்கள்.

சுங்கத்துறையின் கண்ணோட்டம் இன்னும் சுவையானது. பாகமாக வரும் காருக்கு வரி குறைவு, முழுக் காராக வந்தால் வரி மிக அதிகம் என்பது பழைய வழக்கம். 2011-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஒரு வரையறை சேர்ந்தது. எஞ்சின், கியர்பெட்டி, சக்தி கடத்தும் அமைப்பு ஆகியவை பூட்டப்படாமல் பாகங்களாக வந்தால்தான் மிகக்குறைந்த வரி. இவற்றில் ஏதேனும் பூட்டியே வந்தால் வரி கூடும். விலையுயர்ந்த ஜெர்மன் கார்களைச் செங்கல்பட்டுப் பக்கம் பூட்டும் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்காக, ஃபோர்ஸ் மோட்டார்ஸ் 2015 முதல் சென்னைக்கு அருகே எஞ்சின்களைப் பூட்டிச் சோதித்துத் தருகிறது. அந்த எஞ்சின் எந்த ஊர்? சுங்க அதிகாரிக்கு ஒரு விடை, விளம்பரம் எழுதுபவருக்கு ஒரு விடை. மியூனிக் நகரில் அதை வரைந்தவருக்கு விடையில் சந்தேகமே இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் காருக்கு நடந்ததும் இதுவும் உறவுமுறையில் நெருக்கம்தான். கருவிகளின் நுட்பம் மட்டுமே கூடியிருக்கிறது.

காசிமேட்டு மீனவர்கள் இந்தக் கேள்வியை வேறு விதமாகச் சந்தித்தார்கள். ராயபுரத்தை ஒட்டிய அந்த மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகள் பலவற்றில், லாரி எஞ்சினின் உடன்பிறப்பான அசோக் லேலண்ட் கடல் எஞ்சின்களே நெடுங்காலம் ஓடின. அங்கேயே உதிரிப்பாகம் கிடைக்கும். பழுது பார்ப்பவரும் பக்கத்திலேயே இருப்பார். 2010-களில் அதிகத் திறனுள்ள சீன எஞ்சின்களைப் பொருத்திய படகுகள் வந்து, மற்றவர்களின் மீன்பிடிப்பு கெடுகிறது என்ற சண்டை மூண்டது. 2020-ல் தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று எல்லை வகுத்தன. கவனியுங்கள்: விதி எஞ்சினின் நாட்டைக் கேட்கவில்லை, திறனைக் கேட்டது. கடலில் மீன் குறைவதற்குக் காரணம் எஞ்சின் பேசும் மொழி அல்லவே. இந்த விதியை எழுதியவர்களின் தெளிவு நம் தெருமுனைப் பேச்சிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

மாற்றத் தெரிந்தவர்கள்

நம் நாட்டில் அந்தத் திறமை இப்போது இல்லை என்று சொன்னால் அது பொய். அசோக் லேலண்ட் 1980-களில் ஜப்பானின் ஹினோ கம்பெனியிடம் உரிமம் பெற்று ஆறு உருளை எஞ்சின்கள் செய்யத் தொடங்கியது. அந்தக் குடும்பத்து எஞ்சின்களை வைத்துக்கொண்டே பின்னாளில் தன் பொறியாளர்களை வளர்த்தது. 2017-ல் பி.எஸ்.-4 என்ற புகை விதி நாடு முழுவதும் வந்தபோது ஒரு சோதனை நேர்ந்தது. எஞ்சினில் எரிதல் மிகச் சூடாக நடந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நச்சு ஆக்சைடுகள் உண்டாகும். இதைக் குறைக்கப் பெரும்பாலான லாரிக் கம்பெனிகள் யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் தெளிக்கும் முறையை எடுத்தன. அசோக் லேலண்டோ, எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் கலந்து எரிதலின் சூட்டையே தணிக்கும் முறையை, ‘ஐ.இ.ஜி.ஆர்.’ என்ற பெயரில், தன் எஞ்சின்களில் அமைத்தது. லாரிக்காரருக்கு யூரியா வாங்கும் செலவு இல்லை. 2020-ல் வந்த பி.எஸ்.-6 விதி இன்னும் கடுமையானது. அதற்கு இந்த முறை தனியே போதவில்லை, யூரியாவும் வேண்டியதாயிற்று. அதனால் முதல் முயற்சி வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டு வழி இருக்கும்போது, நம் லாரிக்காரரின் பையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்ததே, அதுதான் எஞ்சின் நம்முடையது என்பதற்கு அடையாளம்.

புல்லட்டின் கதையும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனம் இப்போது ராயல் என்ஃபீல்டு. அதன் பெரிய ஆலைகள் ஒரகடம் பக்கம் போய்விட்டன. 2017-ல் அது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தது. 2018-ல் வந்த 648 சி.சி. இரட்டை உருளை எஞ்சினில் அந்த மையத்தவரும் சென்னையில் இருப்போரும் சேர்ந்து உழைத்தார்கள். இங்கிலாந்தில் ஆங்கிலப் பொறியாளர் வரைந்தாலும், சம்பளம் கொடுப்பது இந்தியக் கம்பெனி. வார்ப்பதும் கடைவதும் தமிழ்நாட்டில். வண்டி விற்பது உலகம் முழுதும். இது இறக்குமதியா, உள்நாடா? “மாற்றவேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரமும், மாற்றத் தெரிந்த மூளையும் யார் கையில்?” என்று கேட்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

பொறியியல் படிக்கப்போகும் மாணவர்களும், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்கப்போகும் மாணவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். ஃபிட்டருக்கு அளவு போதும், காரணம் பொறியாளருக்கு என்று பிரித்து வைப்பது நம் பழைய நோய். இடைவெளி ஏன் மூன்று மயிர்த் தடிப்பு என்று தெரிந்த தொழிலாளி, பிஸ்டனில் விழுந்த கீறலைப் பார்த்தே சூடு எங்கே மிஞ்சியது என்று சொல்லிவிடுவார். அந்தச் செய்தி வரைபட மேசைக்குப் போய்ச் சேரும் ஆலையில்தான் எஞ்சின் வளரும்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்த வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் இல்லை, பீச்சு பம்பு இல்லை, பிறகென்ன? ஆனால் மின்சாரக் கார் மோட்டார் பலவற்றின் சுழலும் பாகத்தில் நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் கலந்த காந்தம் இருக்கிறது. சூட்டில் அதன் காந்தத்தன்மை குன்றாமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்களைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா இத்தகைய சில தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று விதித்தது. சில மாதங்களுக்குள் இந்திய வாகன ஆலைகள் காந்தத்துக்குத் தவித்தன. மோட்டார் இங்கேதான் சுற்றப்பட்டது, கம்பி இங்கே, கூடு இங்கே. பம்பு இல்லாத டீசல் எஞ்சினின் நிலைமைதான்.

நியோடிமியம் நம்மிடம் இல்லாத பொருளும் அன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. நியோடிமியம் அதற்குள்தான் இருக்கிறது. ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் அங்கே மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டிலிருந்து தனிமத்தைப் பிரிப்பது ஒரு படி. அதை உலோகமாக்குவது ஒரு படி. பொடியாக்கி, காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, சூளையில் சுட்டு இறுக்குவது இன்னொரு படி. முதற்படிக்கு வேண்டிய வேதியியலின் தொடக்கம் உங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்றாவது படியில் வைக்கவேண்டிய சூடு எவ்வளவு என்பதை நூல்களில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் அவ்வளவு என்பதைச் சூளையருகே நின்றுதான் கற்கவேண்டும்.